விட்லோ வீட்டு வராண்டாவில் ஒரு ஜோடி பூட்ஸ்

ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க தம்பி. அங்கயே, கதவுக்கு வெளியில வராண்டாவுல விடுங்க. இந்தத் தெருவுல வராண்டாவுல செருப்புக் கெடக்கக் கூடாதுன்னு சட்டமெல்லாம் இருக்குது, இப்ப அதை எங்கிட்ட யாரும் பேச மாட்டாங்க. ஏன்னு அப்பறம் சொல்றேன்.

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். காப்பி குடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிப்போடறேன். ஊடு தேடி வர்ற ஒறம்பரைக்குத்தான், விருந்தாளிக்குத்தான் காப்பி. நீங்க ஒரு கொலைகாரனுக்காகப் பேச வந்திருக்கீங்க.

திருமூர்த்திங்கற உங்க பேரைக் கேட்டதும் உடுமலைப் பக்கம்னு தெரிஞ்சுபோச்சு. பாத்தீங்களா, சரியாச் சொல்லிட்டேன். இந்த அலபாமாவுல எத்தனை வக்கீல் இருக்கறாங்க. அத்தனை பேரையும் விட்டுப்போட்டு உடுமலைக்காரரைத் தேடிப் பிடிச்சு அனுப்பியிருக்கறாங்க. நம்மூருப் பேச்சைக் கேட்டா பொள்ளாச்சிக்காரி எளகிருவான்னு நெனப்பு. நான் எளக மாட்டேன். அம்மான்னு கூப்புடாதீங்க, எனக்கு ஒரே புள்ளைதான், அது டென்வர்ல இருக்குது. மயிலாத்தாள்னே கூப்புடுங்க.

பேசாதீங்க. ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வின்னு போன்லயும் இதையேதான் சொன்னீங்க. உங்க கேள்வி எனக்குத் தெரியும். கர்டிஸ் பெல்லைக் கண்ணுல பாத்தீங்களா, அவன் பூட்ஸைத்தானே பாத்தீங்கன்னு கேப்பீங்க. எட்டு வருசத்துல ஏழு வக்கீல் அதைக் கேட்டாச்சு. அந்தக் காகிதத்தை மடியிலயே வெச்சுக்குங்க. வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவனுக்கு மரண தண்டனை நெறவேத்தறாங்க. பேப்பர்ல போட்டிருக்கறான். இத்தனை நாளு தூங்கிப்போட்டு இப்ப ஆறு நாளு இருக்கறப்ப வர்றீங்க. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. என் கதையை ஒருத்தரும் முழுசாக் கேட்டதில்லை.

இந்த ஊடு ஆயிரத்து எண்ணூத்து எண்பத்தேழுல கட்டுனது. எங்கூட்டுக்காரரு இங்க காகித மில்லுல எஞ்சினியரு. தூணும் வராண்டாவும் பாத்து மயங்கி வாங்கிப்போட்டாரு. வாங்குனதுக்கு அப்பறந்தான் தெரிஞ்சுது, ஊடு நம்முளுது, ஆனா அதுல நம்ம இஷ்டத்துக்கு ஒரு ஆணி அடிக்க முடியாது. பாரம்பரிய வீடுகள் கமிட்டின்னு ஒண்ணு. சன்னலு மாத்தணுமா, கமிட்டி. கதவுக்குப் பெயிண்டு அடிக்கணுமா, கமிட்டி. துணி காயப்போடற கயிறு கூட ரோட்டுல இருந்து கண்ணுக்குத் தெரியக் கூடாது, ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியிலதான் கட்டோணும். அந்தக் கமிட்டிக்குத் தலைவி பக்கத்து ஊட்டு விட்லோ அம்மா. எழுவத்தெட்டு வயசு. தனியா இருந்தா. வருசா வருசம் ஏப்ரல் மாசம் இந்தத் தெருவையே டிக்கெட் போட்டு ஊர்க்காரங்களுக்குச் சுத்திக் காட்டுவாங்க. அன்னிக்கு விட்லோ அம்மா பழைய காலத்துப் பாவாடை, கூடையைக் கவுத்த மாதிரி விரிஞ்சது, கட்டிட்டு வாசல்ல நிப்பா. பத்து வருசத்துல எங்கூட்டை ஒரு தடவை கூட அந்தச் சுத்துல சேத்துனதில்லை.

ஒரு நாளு ஆடி வெள்ளிக்கு நாலு குடும்பம் கும்பிட வந்தாங்க. பதினேழு ஜோடி செருப்பு வராண்டாவுல. திங்கக்கிழமை கடுதாசி வந்துருச்சு. இந்தத் தெருவின் காலத் தோற்றத்துக்குப் பொருந்தாத காலணிகளை முன்புறத்தில் குவிக்கக் கூடாதுன்னு. கையெழுத்து விட்லோ. பக்கத்து ஊட்டுல இருக்கறவ, வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு மூணு வார்த்தை சொல்லியிருக்கலாம். தபால்ல அனுப்பறா. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. அந்தக் கடுதாசியை நான் இன்னிக்கு வரைக்கும் வெச்சிருக்கறேன்.

செத்தவளைப் பேசக் கூடாதுதான். ஆனா இருந்ததைச் சொல்லாம எப்புடி.

சரி, கர்டிஸ். பழைய ஊட்டு மரவேலைக்கு இந்தத் தெருவுல எல்லாருக்கும் அவந்தான். கையில வேலை இருந்துச்சு, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். மொத நாளு மண்ணு பூட்ஸோட என் சாமி அறை வரைக்கும் வந்துட்டான். நில்லுப்பான்னு சொல்லித் திருப்பி அனுப்புனேன். பூட்ஸ் முன்னாடி வராண்டாவுல, உள்ள வெறுங்காலு, பொடக்காளிக்குப் போறதுன்னா பின்வாசல்ல இருக்கற ரப்பர் செருப்பைப் போட்டுக்கோன்னேன். எங்கூட்டுக்காரரோட செருப்பு அது, பொள்ளாச்சி கடைவீதியில வாங்குனது, நீல வாரு. ஒரே நாள்ல கத்துக்கிட்டான். என் சொந்த மருமகன் இன்னும் கத்துக்கலை. அதுக்கப்பறம் ரெண்டு வருசம் எங்கூட்டுப் பொடக்காளியில அந்த நீலச் செருப்போடதான் நடப்பான், தனக்கே வாங்கி வெச்ச மாதிரி.

அதைத்தான் நான் கோர்ட்டுல சொன்னேன். அவன் எந்த ஊட்டுக்குள்ளயும் பூட்ஸோட போக மாட்டான், நான் பழக்கி வெச்சிருக்கறேன்னு. ஆமா, பெருமையாத்தான் சொன்னேன். நான் பழக்குனதை நான் சொல்லாம யாரு சொல்றது.

கொலை நடந்த அன்னிக்கு ஜூலை மாசம். விட்லோ ஊட்டு வராண்டாவுக்குச் சாம்பக் கலர் பெயிண்டு அடிக்க வந்திருந்தான். மூணு இருவதுக்கு எங்கூட்டு முன் சன்னல் வழியாப் பாக்கறேன், விட்லோ ஊட்டு வராண்டா ஓரத்துல, கீழ்ப்படியில, ஒரு ஜோடி பூட்ஸ். யாரு வராண்டாவுல. எனக்குக் கடுதாசி அனுப்புனவ வராண்டாவுல. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது தம்பி. ஓடிப்போய் போனை எடுத்து ஒரு போட்டோ புடிச்சேன். கமிட்டிக் கூட்டத்துல காட்டோணும், உன் வாசல்ல மட்டும் காலணி பொருந்துமான்னு கேக்கோணும்னு. கடுதாசி கூட மனசுக்குள்ள எழுதிட்டேன்.

நாலு மணிக்குத் தபால்காரரு கதவைத் தட்டியிருக்கறாரு. தொறந்து கெடந்துச்சு. கூடத்துல விட்லோ அம்மா தலையில அடிபட்டுக் கெடந்தா. வெள்ளிச் சாமான் பூராவும் இல்லை. மூணு பத்துக்கு யாருகிட்டயோ போன் பேசியிருக்கறா, அப்ப உசுரோட இருந்தா. மூணு பத்துக்கும் நாலுக்கும் நடுவுல நடந்திருக்குது. நடுவுல மூணு இருவதுக்கு என் போட்டோ. மணியோட.

அரசாங்க வக்கீலு அதைச் சொவரு ஒசரத்துக்குப் பெருசாக்கி வெச்சாரு. பூட்ஸ் வெளியில இருக்குது, ஆகவே ஆளு உள்ள இருக்கறான்னாரு. என்னைப் பாத்து, மிஸஸ் மைலா, உங்க பழக்கத்தைக் கொஞ்சம் விளக்குங்கன்னாரு. பட்டுச்சேலை கட்டிட்டுப் போயிருந்தேன். பன்னெண்டு ஜூரியும் என் வாயையே பாத்தாங்க. இந்த ஊருக்கு வந்து பதினொரு வருசத்துல என் பேச்சை ஒருத்தரு குறுக்க பேசாம கேட்டது அன்னிக்குத்தான். கமிட்டிப் பொம்பளைங்க முன்வரிசையில எனக்கு நடுவுல எடம் போட்டுக் குடுத்தாங்க. ஒருத்தி என் கையைப் புடிச்சுட்டே இருந்தா. தீர்ப்பு வந்த அடுத்த மாசம் என்னையும் கமிட்டியில சேத்துட்டாங்க. அதான் சொன்னேனே, இப்ப என் வராண்டாவைப் பத்தி யாரும் பேச மாட்டாங்கன்னு.

அதுக்காகத்தான் சொன்னேன்னு நெனச்சுப்போடாதீங்க. நான் கண்டதைச் சொன்னேன்.

இப்ப அந்த விட்லோ ஊட்டைப் பாத்தீங்களா, வர்றப்ப. புதுசா வாங்குனவங்க கொலை நடந்த ஊடுன்னே பலகை வெச்சுட்டாங்க. அக்டோபர்ல தனியா ஒரு சுத்து. கூட்டம் அள்ளுது. கீழ்ப்படியில ஒரு ஜோடி பழைய பூட்ஸ் வெச்சிருப்பாங்க, ஒரு பொண்ணு விளக்கைப் புடிச்சுட்டு, பக்கத்து வீட்டு இந்தியப் பெண்மணி பார்த்தது இதைத்தான்னு சொல்லும். அந்த பூட்ஸை வைக்கறதுக்குக் கமிட்டியில ஓட்டு எடுத்தாங்க. நானும் கை தூக்குனேன். காலத் தோற்றத்துக்குப் பொருந்துதான்னு ஒருத்தியும் கேக்கலை.

என்னங்க, போனா. எடுங்க எடுங்க. இங்க டவர் வராது, சொவரெல்லாம் ரெண்டு முழம். அப்புடியே சமையக்கட்டுப் பக்கம் போங்க, அங்க கெடைக்கும். பேசிட்டே கேளுங்க, இன்னொரு காது சும்மாத்தானே இருக்குது. நான் சத்தமாவே சொல்றேன்.

அவன் என்ன சொல்றான், அன்னிக்கு அந்நேரம் நான் அங்கயே இல்லை, பின் தெருவுல எங்கக்கா ஊட்டுக்குச் சாப்பிடப் போயிட்டேன்னு. பூட்ஸ் அடியில பெயிண்டு ஒட்டிக்கிச்சாம், அடிச்ச தரையில அச்சு விழும்னு கழட்டி வெச்சுட்டுப் போனானாம். அவன் சார்பா வாதாடுன வக்கீலு இதை ஒரு வார்த்தையில சொல்லி உட்கார்ந்துட்டாரு. அவனையும் அவன் அக்காவையும் கூண்டுல ஏத்தவே இல்லை. நான் கேக்கறேன், ஜூலை மாச வெயிலு. தார் ரோடு. கோழி முட்டையை ஒடச்சு ஊத்துனா வெந்துரும். அதுல பூட்ஸைக் கழட்டி வெச்சுட்டு வெறுங்காலோட ஒருத்தன் நடந்து போனானாக்கும். கேக்கறவன் கேனையனா இருந்தா எதை வேணும்னாலும் சொல்லலாம். ஜூரி சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன்.

கேக்குதுங்களா அங்க. கேக்கட்டும்.

அவன் யோக்கியதை உங்களுக்குத் தெரியாது. வெள்ளிச் சாமானை விடுங்க, அது கெடைக்கவே இல்லை, யாரு எடுத்தாங்கன்னு சாமிக்குத்தான் வெளிச்சம். எங்கூட்டுலயே அவன் கை வெச்சவன். அன்னிக்கே. அதே நாளு. ரெண்டரைக்கு நான் பொடக்காளியில துணி காயப்போட்டேன், அந்த நீலச் செருப்பைத்தான் போட்டுட்டுப் போனேன். பின்வாசல்லதான் திரும்பக் கழட்டி வெச்சேன். மூணு மணிக்கு வானம் கருக்குது, துணியை எடுக்கலாம்னு ஓடியாந்தா செருப்பு இல்லை. கெரகம், எங்க போச்சுன்னு வெறுங்காலோட புல்லுல எறங்குனேன். இங்க ஒரு செவப்பு எறும்பு இருக்குது தம்பி, நெருப்பெறும்புன்னு சொல்றாங்க, பேருக்கேத்த மாதிரி. புத்துல கால வெச்சுட்டேன். ரெண்டு காலும் கொப்பளிச்சுப்போச்சு. துணியை அப்புடியே போட்டுட்டு உள்ள வந்து முன் சன்னல்கிட்ட உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தடவிட்டிருந்தேன். அப்பத்தான் அந்த பூட்ஸைப் பாத்தது. காலு எரியற எரிச்சல்லயே எந்திரிச்சுப் போட்டோ புடிச்சேன்.

போலீசுகிட்டயும் சொன்னேன். ஐயா, எங்க செருப்பையும் இவன் திருடிட்டான்னு. ரப்பர் செருப்பா மேடம்னு அந்த ஆளு சிரிச்சான். எழுதவே இல்லை. கொலைக் கேசுல செருப்பு எதுக்குன்னு நெனச்சிருப்பான். எனக்கு அது சும்மா செருப்பு இல்லை. எங்கூட்டுக்காரரு ஆசையா வாங்கி, ப்ளேன்ல எடுத்துட்டு வந்தது. திருட்டு திருட்டுதானே. செருப்புத் திருடறவன் நாளைக்கு வெள்ளி திருட மாட்டானா. இதை நான் கோர்ட்டுலயும் சொல்லத் தயாராத்தான் போனேன், யாரும் கேக்கலை.

அதுக்கப்பறம் கூத்தைக் கேளுங்க. தீர்ப்பு வந்த வாரம் அவன் அக்கா வந்து நிக்கறா. லொரெட்டான்னு பேரு, ஆஸ்பத்திரியில துணி வெளுக்கற எடத்துல வேலை. கையில ஒரு பிளாஸ்டிக் பை. கண்ணாடி வழியாப் பாத்தேன், உள்ள நீல வாரு தெரியுது. மிஸஸ் மைலா, இது உங்களுது, ஒரு நிமிசம் கதவைத் தொறங்க, ஒரு விசயம் சொல்லோணுங்கறா. நான் தொறப்பனா. திருடுன பொருளைத் திருப்பிக் குடுத்துப்போட்டு, தம்பிக்காக அழுதுட்டு நிக்கலாம்னு வந்திருக்கறா. அங்கயே வெச்சுட்டுப் போன்னு கதவுக்குப் பின்னாடி இருந்தே சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னா. ஏதேதோ சொன்னா, மூணு மணிக்கு முன்னாலயே இதைப் போட்டுட்டு வந்துட்டான்னு என்னமோ. டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுட்டேன். போகறப்ப பார்த்தா, பையை ரெண்டு கையால வராண்டாவுல எறக்கி வெச்சுட்டுப் போறா. கழுவி வெச்சிருந்தா, அதைச் சொல்லோணும். ரெண்டு வருசத்துக்கு முன்னால அவளும் போய்ச் சேர்ந்துட்டா. எங்கூட்டுக்காரரும் போயிட்டாரு. செருப்பு மட்டும் பின்வாசல்ல இருக்குது. அவரு கால் போட்டது, தூக்கி எறிய மனசு வருமுங்களா. சொல்லுங்க.

திருமூர்த்தி. வருமான்னு கேட்டேன்.

என்ன பதிலையே காணோம். இன்னுமா போன் பேசறீங்க. போயிட்டாரா. இருங்க, எந்திரிச்சு வாசலைப் பாக்கறேன்... போகலை. ஷூ இங்கயேதான் கெடக்குது. உள்ளதான் இருக்கீங்க. உள்ள இருந்துட்டே வாயைத் தொறக்காம இருந்தா என்ன மரியாதை. எனக்குக் கோவம் வந்தா வரட்டும்னு பாக்கறீங்களா. காப்பி குடுக்கலைன்னு கோவிச்சுட்டு ஒரு பெரிய மனுசி கேக்கறதுக்குப் பதில் சொல்லாம ஒரு வக்கீலு இருப்பாரா. சத்தம் எங்கயோ கேக்குதே. பின்கதவா அது.

நீங்க எங்க இருந்து வர்றீங்க.

பொடக்காளியில இருந்தா. எத்தனை நேரமா. போன் எடுத்ததுல இருந்தா. அப்ப நான் இந்நேரம் வரைக்கும் யாருகிட்டப் பேசிட்டிருந்தேன். உங்க ஷூ முன்னாடி கெடக்குது. நான் இப்பத்தான் போய்ப் பாத்துட்டு வந்தேன். ஷூ அங்க இருக்குது, ஆளு உள்ள இருக்கறாருன்னு நெனச்சுட்டு...

இது என்ன, உங்க ஆபீசுல சொல்லிக் குடுத்து அனுப்புன நாடகமா. என்னைக் கேனச்சி ஆக்கலாம்னு பாக்கறீங்களா. சமையக்கட்டுல டவர் இல்லையா. அதுக்கு, வெளிய எதைப் போட்டுட்டுப் போனீங்க. நெருப்பெறும்பு இருக்கற புல்லுல வெறுங்காலோட...

காலைக் காட்டுங்க.

வேண்டாம், கழட்டாதீங்க. அப்புடியே நில்லுங்க. பயப்படாதீங்க, திட்டலை. எங்கூட்டுக்காரரு செருப்புத்தான். என்ன சொன்னீங்க. பின்வாசல்லயே இருந்துச்சு, போட்டுட்டுப் போனேங்கறீங்களா. ஆமா. இருந்தா யாரா இருந்தாலும் போட்டுட்டுத்தான் போவாங்க. நாந்தான் அவனுக்குச் சொல்லியே வெச்சிருந்தேன், பொடக்காளிக்கு இதைப் போட்டுக்கோன்னு. திருட்டுன்னு...

சித்த இருங்க. அந்த ஆடற நாற்காலியைத் தள்ளுங்க, அதுலயே உட்கார்றேன்.

எறும்பு கடிச்சப்ப மணி மூணு. மூணுக்கு இந்தச் செருப்பு எங்கூட்டுல இல்லை. விட்லோ அம்மா மூணு பத்துக்குப் போன் பேசியிருக்கறா. நான் போட்டோ புடிச்சது மூணு இருவது. அப்பவே பத்து, இருவது நிமிசமா இது அவன் கால்ல, பின் தெருவுல அவன் அக்கா ஊட்டுல... எட்டு வருசம். எட்டு வருசமா இந்தச் செருப்புக் கதையை வர்றவங்க போறவங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லியிருக்கறேன் தம்பி. கமிட்டிப் பொம்பளைங்ககிட்டச் சொல்லியிருக்கறேன். டென்வர்ல இருக்கற புள்ளைகிட்டச் சொல்லியிருக்கறேன். திருட்டுப் பயன்னு சொல்லித்தான் சொன்னேன். ஒருத்தருக்கும் தோணலை. எனக்கும் தோணலை. அவ, அந்த லொரெட்டா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு இதைத்தான்...

என் மேல எனக்கே வெறுப்பா இருக்குது. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

மடியில இருந்த அந்தக் காகிதம் எங்க. எடுங்க. வந்ததுல இருந்து ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வின்னீங்களே. அது பூட்ஸைப் பத்தி இல்லை, அப்புடித்தானே. அவன் சொல்லி, இந்தச் செருப்பைப் பத்தித்தானே கேக்க வந்தீங்க.

கேளுங்க. எழுதியிருக்கறதை முழுசாப் படிச்சுக் கேளுங்க தம்பி. நான் குறுக்க பேசலை.